பொந்துக்குள் வந்தது யார்?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பறவைகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று விலங்கியல் துறையினர் கேட்டுக்கொண்டார்கள். முத்துக்குழிவயல், மகேந்திரகிரி என்று மலையேறி அரிய பறவைகளைச் சொல்லலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நம் வீட்டு விளையில், தென்னையில் தொற்றிக்கொண்டு உரக்கச் சிரிப்பதுபோல் கத்திக்கொண்டு போகிற பொன்முதுகு மரங்கொத்தியையே எடுத்துக்கொண்டேன். அதிலும் அதன் வாழ்வின் ஒரு சிறு பகுதியை மட்டும்: பொந்தில் முட்டையிட்ட நாள்முதல் குஞ்சு வெளியேறும் நாள்வரை. அந்த நாட்களில் பொந்தைத் தேடி வரும் எதிரிகள் யார், அதைத் தெரிந்துகொள்ளக் கேமரா எப்படி உதவும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கணக்கு. இந்தப் பறவை கூடு வைக்கும் பருவம் மழை வெயிலை ஒட்டி முன்பின்னாகும். பொதுவாகப் பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையில். வழக்கமாக மூன்று முட்டைகள், பளபளக்கும் வெள்ளை நிறம். அடைகாப்பது சுமார் 11 நாள். பொரித்த குஞ்சு ஏறத்தாழ 20 நாளில் பறந்துவிடும். முட்டையிடும் நாட்களையும் சேர்த்தால் எல்லாம் 35 நாளுக்குள் முடிந்துவிடுகிறது. இனி தோப்பின் கணக்கைப் பாருங்கள். தேங்காய் வெட்டு 45 நாளைக்கு ஒருமுறை. ஒரு வெட்டுக்கு ஏறுகிறவர் பொந்தைப் பார்க்கிறார், ஒன்றுமில்லை. அடுத்த வெட்டுக்கு ஏறும்போதும் ஒன்றுமில்லை. இடையில் மூன்று குஞ்சுகள் வளர்ந்து பறந்திருக்கலாம். முட்டையிட்ட மூன்றாம் நாளே எல்லாம் பறிபோயும் இருக்கலாம். இரண்டிலும் பொந்து ஒன்றுபோலவே காலியாக இருக்கும். கிளையில் கூடு கட்டும் பறவையென்றால் கலைந்த நாரையும் உடைந்த முட்டையோட்டையுமாவது பார்க்கலாம். மரங்கொத்தி உள்ளே புல்லோ நாரோ பரப்புவதில்லை. குடைந்தபோது உதிர்ந்த மரத்துகள்மேல் முட்டையிடுகிறது. அங்கே கலைவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனாலும் நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். “சாரை ஏறிக் குடிச்சிருக்கும்” என்பார் ஒருவர். “மரநாய்தான், வேற என்ன” என்பார் இன்னொருவர். காக்கை, வால்காக்கை, அணில், எலி, உடும்பு, வல்லூறு, குரங்கு என்று சந்தேகம் நீண்டுகொண்டே போகும். எல்லாமே நடக்கக்கூடியவைதான். எது, எந்தப் பொழுதில், எத்தனை தடவை என்று கேட்டால் பதில் கிடையாது. இந்த அவசரத் தீர்ப்புக்கு உயிர் விலை இருக்கிறது. தோப்பில் எலியைத் தின்று நமக்கு நன்மை செய்யும் சாரை, பறவைக் குஞ்சைத் தின்றதாகக் குற்றம் சுமந்து அடிபட்டுச் சாகிறது.

கூட்டில் மிஞ்சியதைப் பார்த்து எதிரியின் பெயரைச் சொல்வது ஆய்வாளர்களிடமும் நெடுங்காலம் இருந்த பழக்கம்தான். செர்ஜ் லாரிவியேர் 1999இல் இதை எதிர்த்துத் தனிக் கட்டுரையே எழுதினார். ஒரே விலங்கு இரண்டு கூடுகளில் இரண்டு விதமாகத் தடயம் விடுகிறது. வெவ்வேறு விலங்குகள் ஒரே விதமான தடயம் விடுகின்றன. அப்படியிருக்க மிச்சத்தை வைத்து ஆளை எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். அதே ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தாம்சன், டிஜாக், பர்ஹான்ஸ் என்ற மூவர், கைவிடப்பட்ட வயல்களில் கூடு வைக்கும் சிறு பறவைகளிடம் வீடியோ கேமரா வைத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். கூட்டைச் சூறையாடியவற்றில் பாம்புகளே முன்னால் நின்றன. 2004இல் வெதர்ஹெட், புளூவான் டெமர்ஸ் இருவரும், பறவையை ஆராய்கிறவர்கள் ஏன் பாம்பையும் ஆராயவேண்டும் என்ற கேள்வியையே கட்டுரைத் தலைப்பாக வைத்தார்கள். பறவைக் கூட்டின் கதையில் பாம்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அதற்குள் புரியத் தொடங்கியிருந்தது.

நம் பக்கத்தில் மரங்கொத்தியைப் பற்றிய அறிவு எப்படிச் சேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். அன்று நம் குமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. அசம்பு மலையில் பாலமோர் எஸ்டேட், அடிவாரத்தில் ஆரல்வாய்மொழி, கடைசியில் குமரிமுனை என்று நம் ஊர்கள் வழியாகவும் அவர் வந்தார். பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்த அந்த ஆய்வு 1953இல் நூலாயிற்று. எந்தப் பறவை எங்கே இருக்கிறது, எப்போது முட்டையிடுகிறது என்ற அடித்தளம் அங்கே போடப்பட்டது. பிறகு வி. சாந்தாராம் கேரளத்தின் பீச்சிக் காட்டில் ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் மரங்கொத்தி இனங்களை ஆராய்ந்து 1995இல் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எது எந்த மரத்தில், எந்த உயரத்தில், எப்படி இரை தேடுகிறது என்பதெல்லாம் பொறுமையாகக் கண்ணால் பார்த்துச் சேர்த்த செய்தி. மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கவேண்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பொந்துக்கு யார் வந்தார் என்பதை எவ்வளவு பொறுமைசாலியும் தினமும் விழித்திருந்து பார்க்கமுடியாது.

இரவைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான மரங்கொத்தி இனங்களில் இரவில் பொந்துக்குள் அடையில் இருப்பது ஆண். பகலில் இரண்டும் மாறிமாறிப் பார்த்துக்கொள்ளும். இருட்டியதும் ஆண் உள்ளே போய்விடும். ஆகவே இரவில் எதிரி வந்தால் முட்டையோடு தகப்பனும் போகலாம். பகலில் வந்தால் பெரும்பாலும் முட்டை மட்டும் போகும், பெற்றவை மறுபடி முட்டையிட வாய்ப்புண்டு. சாரையும் கொம்பேறி மூக்கனும் உடும்பும் பகலில் நடமாடுகிறவை. பூனைக்கண் பாம்பும் மரநாயும் இரவில் வருகிறவை. யார் வந்தார் என்ற கேள்விக்குள்ளேயே எவ்வளவு இழப்பு என்ற கேள்வியும் இருக்கிறது.

இனித் தென்னையைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். அயனி, தேக்கு போன்ற மரங்களுக்கு நடுவில் வைரம். அவற்றில் பூஞ்சை முன்பே உள்ளே புகுந்து இளக்கிவைத்திருந்தால்தான் மரங்கொத்திக்குக் குடைவது சுலபம். தென்னைக்கு எல்லாம் தலைகீழ். வெளிவட்டம் இறுகியிருக்கும், நடுப்பகுதி மென்மை. அடிமரம் கெட்டி, மேலே போகப்போக இளக்கம். வெளி ஓட்டை ஒருமுறை துளைத்துவிட்டால் உள்ளே அறை குடைவதற்குச் சிரமம் குறைவு. இடி விழுந்தோ, குருத்தழுகியோ, சிவப்புக் கூன்வண்டு தின்றோ மண்டை போன தென்னை இன்னும் நல்ல இடம். அந்தத் தடி சில ஆண்டுகள் நின்றால் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல பொந்துகள் விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. உயிருள்ள தென்னையில் ஓலைகள் பக்கத்து மரத்து ஓலைகளைத் தொடுகின்றன. எலியும் அணிலும் மரநாயும் தரையில் இறங்காமலே மண்டைக்கு மண்டை தாவிவிடலாம். மண்டை போன தென்னைக்கு அந்தப் பாலம் அறுந்துபோகிறது; எந்த எதிரியும் கீழேயிருந்து முழு உயரமும் ஏறித்தான் வரவேண்டும். அப்படியானால் மொட்டைத் தென்னையிலுள்ள கூடு மரநாய்க்குத் தப்புமா? தடியிலுள்ள ஓலைத் தழும்புகளும் ஏறுவதற்கு வெட்டிய படிகளும் பாம்பு ஏறுவதற்கு உதவுமா? இதை வீட்டுத் திண்ணையில் இருந்து யோசித்துத் தீர்க்கமுடியாது. மொட்டைத் தென்னையில் சில கூடுகள், மண்டையுள்ள தென்னையில் சில கூடுகள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கேமரா என்று வைத்தால் சில பருவங்களில் பதில் வந்துவிடும். எலி ஏறாதிருக்கத் தடியில் தகரம் சுற்றி அடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தகரம் அடித்த மரத்துப் பொந்தையும் அடிக்காத மரத்துப் பொந்தையும் ஒப்பிட்டால் அதுவே ஒரு சோதனை. தோப்புக்காரர் தன் தேவைக்குச் செய்துவைத்த ஏற்பாடு, நமக்குச் செலவில்லை.

மரங்கொத்தி எதிரியை எப்படிச் சமாளிக்கிறது என்பதற்கு உலகில் நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் அமெரிக்காவின் தென்கிழக்கு ஊசியிலைக் காடுகளில் இருக்கிறது. அங்குள்ள செந்தொப்பி மரங்கொத்தி உயிருள்ள பைன் மரத்தில்தான் பொந்து குடைகிறது. ஒரு பொந்தை முடிக்க ஆண்டுகள் ஆவதுண்டு. பொந்தைச் சுற்றிச் சிறுசிறு குழிகள் கொத்தி, பிசின் வழிந்துகொண்டே இருக்கும்படி அவற்றைத் தினமும் புதுப்பிக்கிறது. மரப்பட்டையின் சொரசொரப்பையும் உரித்து வழவழப்பாக்கிவிடுகிறது. மரமேறும் சாரைவகைப் பாம்புகள் பட்டையின் பிளவுகளில் வயிற்றுச் செதிலை ஊன்றித்தான் ஏறும். ருடால்ஃபும் அவர் கூட்டாளிகளும் பாம்புகளை அந்த மரங்களில் ஏறவிட்டுப் பார்த்து, பிசின் தடை வேலை செய்கிறது என்று 1990இல் எழுதினார்கள். ஒரு பறவை தன் எதிரியின் ஏறும் முறையை அறிந்தாற்போலக் கோட்டை கட்டியிருக்கிறது. நம் தென்னையில் பிசின் வடிவதில்லை. நம் மரங்கொத்தி எதை நம்பி அங்கே முட்டையிடுகிறது?

அந்தக் காட்டில் நடந்த இன்னொன்று நம்மை நேராகத் தொடும். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ சூறாவளி தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் தேசியக் காட்டைத் தாக்கியது. ஒரே இரவில் அங்கிருந்த செந்தொப்பி மரங்கொத்திகளில் 63 சதவீதம் மடிந்தன. அவை பொந்து வைத்திருந்த மரங்களில் 87 சதவீதம் முறிந்தன. வனத்துறையினர் மிஞ்சிய மரங்களில் வாளால் அறுத்துக் குழி எடுத்து, பொந்து குடைந்த மரப்பெட்டிகளைச் செருகினார்கள். பறவைகள் குடியேறின. இந்தப் பறவை வாழும் காடுகளில் பாம்பு ஏறாதபடி சில மரங்களில் தடுப்பும் சுற்றியிருக்கிறார்கள். எதிரி யார் என்று தெரிந்திருந்ததால் தடுப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதும் தெரிந்தது. 1970இல் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட அந்தப் பறவையை 2024இல் ஒரு படி இறக்கி, ஆபத்து குறைந்த பிரிவில் வைத்தார்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. கடலுக்குப் போனவர்களை இழந்த துயரம் ஆறாதது. அதன் பக்கத்தில் வேறு எதையும் வைத்துப் பேசக்கூடாது. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த ஒரு நாளில் நம் தோப்புகளில் எத்தனை பொந்துகள் மண்ணோடு போயின என்று கேட்க ஒரு முன்கணக்கு வேண்டும். பிரான்சிஸ் மரியனில் முன்கணக்கு இருந்ததால்தான் 63, 87 என்று எண் சொல்ல முடிந்தது. அடுத்த புயல் வருமுன் நம்மிடமும் அந்தக் கணக்கு இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

எதிரிகளை வில்லனாக்கிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அதற்கு ஸ்வீடனிலிருந்து ஒரு சான்று. அங்கே கருமரங்கொத்தி பழைய பொந்து இருக்கும்போதே புதுப் பொந்து குடைவதற்குக் காரணம் எதிரிகளா என்று நில்சன், ஜான்சன், தியேர்ன்பெர்க் மூவர் ஆராய்ந்து 1991இல் எழுதினார்கள். மார்ட்டென் என்ற மரமேறும் சிறு ஊனுண்ணி பழைய பொந்துகளையே அதிகம் சூறையாடுகிறது. புதுப் பொந்தில் ஆபத்து குறைவு. எதிரி இடத்தை நினைவில் வைத்திருந்து திரும்பி வருகிறது. பறவை இடத்தை மாற்றுகிறது. இதை நம் தோப்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். மரங்கொத்தி ஆண்டுதோறும் விட்டுப்போகிற பொந்தில்தான் மைனாவும் பச்சைக்கிளியும் புள்ளி ஆந்தையும் குண்டுகரிச்சானும் குடியிருக்கின்றன. அவற்றுக்கு மரத்தைக் குடையும் அலகு இல்லை. பாம்பின்மீதும் மரநாயின்மீதும் உள்ள பயமே மரங்கொத்தியைப் புதுவீடு கட்டவைக்கிறதென்றால், தோப்பில் இத்தனை பறவைகளுக்கு இடம் கிடைப்பதில் எதிரிக்கும் பங்கிருக்கிறது.

மரநாயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நமக்கு வடக்கே மலைக்கு அப்பால் களக்காடு முண்டந்துறையில் திவ்யா முதப்பா பழுப்பு மரநாய்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி 1990களில் ஆராய்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அந்த விலங்கின் உணவில் மிகப் பெரும்பகுதி காட்டுப் பழங்கள் என்று தெரிந்தது. பகலில் மரப்பொந்துகளில் தூங்குகிறது. பொந்தருகே அதைக் கண்டவர் கொலைகாரன் என்று முடிவுகட்டலாம். அது படுக்க இடம் தேடியும் வந்திருக்கலாம். காட்டில் இரவுக்கேமரா வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கருவிக்கு வருகிறேன். காட்டு விலங்கைத் தானே படமெடுத்துக்கொள்ளச் செய்வது நம் நாட்டில் பழைய வித்தை. எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி 1920களிலேயே இமயத்தின் அடிவாரக் காடுகளில் புலி வரும் வழியில் கம்பி கட்டி, அது காலில் பட்டதும் கேமரா இயங்கும்படி செய்தார். 1990களில் உல்லாஸ் காரந்த் நாகரஹொளேயில் புலியின் வரிகளைக் கேமராப் படங்களில் அடையாளம் கண்டு எண்ணிக்கை கணிக்கும் முறையை வளர்த்தார். இன்று கடையில் கிடைக்கும் காட்டுக்கேமராக்கள் அந்த வழியில் வந்தவை. அவற்றின் கண் சூட்டைப் பார்க்கும் கண். பின்னணியோடு சூட்டில் வேறுபட்ட ஓர் உடல் நகர்ந்தால்தான் அது விழிக்கும். புலிக்கும் யானைக்கும் மரநாய்க்கும் அது போதும். பாம்பின் உடல் சுற்றுப்புறத்தின் சூட்டையே ஏற்றுக்கொள்வது. மரப்பட்டையும் பாம்பும் ஒரே சூட்டில் இருந்தால் கேமரா தூங்கிக்கொண்டே இருக்கும். நம் ஊர் ஏப்ரல், மே மாத மதியத்தில் வெயில்பட்ட தென்னைத் தடியின் முன்னால் அணில்கூடச் சில நேரம் தப்பிவிடும். இந்தக் கேமராவை வைத்து ஒரு பருவம் முழுக்கப் பார்த்துவிட்டு “பாம்பே வரவில்லை, எல்லாம் மரநாய்தான்” என்று எழுதினால் அது பெரும் பிழை. கருவியின் குறை விலங்கின் மேல் பழியாக விழுந்துவிடும்.

ஆகவே பொந்துக்குத் தொடர்பதிவுதான் சரி. வீட்டுக்கண்காணிப்புக்கு வைக்கும் சிறு கேமரா, பதிவுப்பெட்டி, 12 வோல்ட் பேட்டரி போதும். நொடிக்கு 25 படம் தேவையில்லை, ஐந்து போதும். சேமிப்பில் இடம் மிஞ்சும். இரவு வெளிச்சத்துக்கு அகச்சிவப்பு விளக்கு, அதிலும் 940 நானோமீட்டர் வகை. 850 வகையில் மங்கலான சிவப்பொளி தெரியும். கேமராவைக் கூடு இருக்கும் மரத்தில் கட்டவேண்டாம், பக்கத்து மரத்தில் கட்டுங்கள். கூட்டுமரத்தில் கம்பியும் கயிறும் தொங்கினால் எறும்புக்கும் எலிக்கும் நீங்களே வழி போட்டுக் கொடுத்ததாகும். நீண்ட கழியின் நுனியில் சிறு குழாய்க்கேமரா கட்டிப் பொந்துக்குள் எட்டிப்பார்ப்பதும் உதவும். அதை முட்டையிடும் நாட்களில் செய்யாதீர்கள், அந்தக் கட்டத்தில் பறவை கூட்டைக் கைவிடும் அபாயம் அதிகம்.

கேமராவே எதிரியை அழைத்துவந்துவிடுமோ என்ற கவலை நியாயமானது. ரிச்சர்ட்சன், கர்தாலி, ஜென்கின்ஸ் மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் எழுதியதில், கேமரா வைத்த கூடுகளில் சூறையாடல் சற்றுக் குறைவாகவே இருந்தது. நல்ல செய்திபோலத் தோன்றும். ஆனால் புதுப்பொருளைக் கண்டு சில விலங்குகள் ஒதுங்குகின்றன என்றால் நம் பதிவில் அவை குறைவாகவே காணப்படும் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. கேமரா இல்லாத சில கூடுகளையும் தொலைவிலிருந்து கவனித்து ஒப்பிடவேண்டும்.

சட்டத்தையும் சொல்லியாகவேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். சரணாலயத்துக்குள் மட்டுமல்ல, உங்கள் சித்தப்பாவின் தோப்பிலும் அது பொருந்தும். ஆகவே துறைமூலம் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கியபின்பே ஒரு கேமராவைக்கூடக் கட்டவேண்டும். கூட்டின் படத்தை இடத்தின் பெயரோடு செல்போனில் பரப்புவது பறவைக்குச் செய்யும் துரோகம்.

தோப்புக்காரர்களிடம் நாம் நேர்மையாகப் பேசவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மண்டை போன தென்னையை வெட்டி அப்புறப்படுத்துங்கள் என்று வேளாண்துறை சொல்கிறது. மக்கும் தடியில் காண்டாமிருக வண்டு பெருகும், கூன்வண்டு அடுத்த மரத்துக்குப் போகும் என்பது உண்மை. மரங்கொத்திக்காக எல்லாத் தடியையும் விட்டுவையுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அது அவர் பிழைப்பில் கைவைப்பது. ஒரு தடியில் முட்டையோ குஞ்சோ இருக்கிறதென்று தெரிந்தால் அந்த 35 நாள் மட்டும் கோடரியைத் தள்ளிவையுங்கள் என்று கேட்கலாம். இடியில் மண்டை போய், வண்டு ஏறாமல் நன்றாக உலர்ந்து நிற்கும் தடியை வேலியோரமாக ஒன்றிரண்டு விட்டுவைக்கச் சொல்லலாம். எந்தத் தடியில் குஞ்சுகள் உண்மையாகவே பறந்து போகின்றன என்ற பதிவு கையில் இருந்தால், எதை வெட்டலாம், எதை விடலாம் என்று இடம்சுட்டிப் பேசமுடியும். இப்போது நாம் பொத்தாம்பொதுவாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அனுமதி வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் பொந்துகளின் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். தோவாளையிலும் பூதப்பாண்டியிலும் திருவட்டாற்றிலும் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தோப்புகளில் மரம், உயரம், மண்டை உண்டா இல்லையா, தகரம் உண்டா இல்லையா, பொந்தின் வாய் எந்தத் திசை என்று குறியுங்கள். இந்த வேலையில் உங்கள் ஆசான் தளைநார் போட்டு ஏறுகிற மனிதர்தான். எந்த மரத்தில் எந்தப் பறவை என்று அவருக்குத்தான் தெரியும். அவர் நேரத்துக்குரிய கூலியை அறக்கட்டளை நிதியிலிருந்து கொடுக்கவேண்டும் என்று இங்கே அமர்ந்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வறிக்கையில் அவர் பெயரும் அவர் சம்மதத்தோடு வரவேண்டும். பதிவுப் படிவத்தில் எதிரிகளின் பெயர் வரிசைக்குக் கீழே “காரணம் தெரியவில்லை” என்று ஒரு கட்டம் போடுங்கள். பேட்டரி தீர்ந்த இரவில் ஒரு கூடு காலியானால், காலையில் தடியடியில் சாரை கிடந்தாலும், குறி அந்தக் கட்டத்தில்தான் விழவேண்டும்.